பிரம்பு திருத்துமோ?

“அடியாத மாடு பணியாது” என்பது நம்மவர் நாவில் எந்நேரமும் ஆயத்தமாக நிற்கும் பழமொழி. “அடி உதவுகிறாற்போல் அண்ணன் தம்பி உதவமாட்டான்” என்பது அதற்குத் துணைமொழி. இவ்விரண்டையும் பிள்ளை வளர்ப்புக்குச் சொன்னார்கள்; பள்ளிக்கூடத்துக்குச் சொன்னார்கள்; தோட்டத்துக் கங்காணிமார் நம் பாட்டன்மாரின் முதுகுக்கும் சொன்னார்கள். இன்று சிறைச்சாலைக்கும் அதையே நாம் சொல்லிக்கொண்டிருக்கிறோம். மாட்டுக்குச் சொன்ன நீதி மனிதனுக்குப் பொருந்துமா என்று ஒரு கணம் நின்று யோசித்தவர் நம்முள் எத்தனை பேர்?

மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் குற்றவியல் நீதிமன்றங்கள் விதிக்கும் பிரம்படித் தண்டனையைப் பற்றியே இங்கு எழுதப் புகுகிறோம். சமய நீதிமன்றங்கள் விதிக்கும் பிரம்படி வேறு சட்டத்தின் பாற்பட்டது. வேறு முறையில் நிறைவேற்றப்படுவது. அதனை இங்கு எடுத்துக்கொள்ளவில்லை. ரோத்தான் என்று தோட்டத்திலும் பட்டணத்திலும் யாவரும் அறிந்த அந்தச் சிறைப் பிரம்பைப் பற்றி நாம் சொல்ல வந்தது ஒன்றே. அது குற்றத்தைத் தடுத்ததில்லை, குற்றவாளியைத் திருத்தியதுமில்லை. இதனை ஆராய்ந்தறிந்து, அப்பிரம்பை இந்நாடுகளுக்குக் கொண்டுவந்தவர்களே தங்கள் நாட்டில் அதனைக் கைவிட்டு முக்கால் நூற்றாண்டுக்கு மேலாகிறது. நாம் மட்டும் அதனைப் பிதிரார்ஜிதச் சொத்தைப்போல் காத்து வருகிறோம்.

நாம் எழுதிய மனு

பிறரைக் குறை கூறுமுன் நம் குற்றத்தை ஒப்புக்கொள்வது முறை. நாம் ஒரு தோட்டத்துக் கிராணி. செக்ரோல் எழுதுவதும் சம்பளம் போடுவதும் நம் உத்தியோகம். ஆங்கிலப் படிப்புப் படித்தவர் என்ற காரணத்தால், தோட்டத்தாருக்கு வேண்டிய மனுக்களும் பாரங்களும் நம் மேஜைக்கே வந்து சேரும். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சம்பள நாளின் மாலையில், கடையிலிருந்து லயத்துக்குத் திரும்பிய ஒரு பெண்மணியின் தாலிச் சங்கிலியை, மோட்டார் சைக்கிளில் வந்த இருவர் பறித்துக்கொண்டு ஓடினர். விழுந்த வேகத்தில் அவருடைய மணிக்கட்டு முறிந்தது. அடுத்த சம்பள நாளிலும் அதே சாலையில் அதே காரியம் நடந்தது. தோட்டத்துப் பெரியவர்கள் ஆபீசுக்கு வந்தார்கள். “கிராணி ஐயா, போலீசுக்கு ஒரு மனு எழுதிக் கொடுங்கள். பிடிபடுகிறவனுக்கு ரோத்தான் கொடுக்கச் சொல்லி அழுத்தமாக எழுதுங்கள்” என்றார்கள். எழுதினோம், அழுத்தமாகவே எழுதினோம். நாம் கற்ற சொற்களை எல்லாம் அதிற் கொட்டினோம்.

பிடிபட்ட இருவரில் ஒருவன் நம் தோட்டத்துப் பையன், வயது இருபது. களைக்கு மருந்தடிக்கும் ஒரு தாயின் மகன். நீதிமன்றம் சிறைவாசமும் பிரம்படியும் விதித்தது. தோட்டமே திருப்தியடைந்தது. அவன் தாய் மட்டும் ஒரு வாரம் பெரட்டுக்கு வரவில்லை. அவர் பெயருக்கு நேரே, வேலைக்கு வரவில்லை என்று நாள்தோறும் குறித்ததும் நம் கைதான்.

தண்டனை முடிந்து வந்தவன் ஒரு நாள் நம் மேஜைக்கு முன் நின்றான். பட்டணத்துத் தொழிற்சாலை ஒன்றுக்கு வேலைப் பாரம் நிரப்பித் தரவேண்டும் என்றான். உட்காரச் சொன்னோம், நின்றுகொண்டே இருந்தான். முன்பு தண்டனை பெற்றதுண்டா என்று கேட்டிருந்த இடத்தில் என்ன எழுதுவதென்று அறியாமல் அவன் முகத்தைப் பார்த்தோம். “உள்ளதைத்தானே எழுதணும், ஐயா” என்றான். எழுதினோம். பதில் வரவில்லை. இன்னும் இரண்டு இடங்களுக்கு நிரப்பினோம். அவற்றுக்கும் பதில் வரவில்லை. ஓராண்டுக்குள் வேறொரு வழக்கில் அவன் மறுபடியும் சிறைக்குப் போனான்.

வாசகர்களே, சங்கிலி பறிகொடுத்த பெண்மணிக்குக் கிடைத்தது யாது? சங்கிலியும் கிடைக்கவில்லை, முறிந்த கைக்கு நட்ட ஈடும் கிடைக்கவில்லை. பறிப்புத்தான் எப்போது நின்றது? அவன் அடிபட்ட நாளில் அன்று. அவன் உள்ளே இருந்த காலத்திலும் வேறு எவனோ பறித்தான். நிர்வாகம் அந்தச் சாலையில் விளக்குப் போட்டு, சம்பள நாளில் போலீஸ் வண்டி இருமுறை சுற்றிவரத் தொடங்கிய பின்னரே நின்றது. பிரம்பு சட்டப் புத்தகத்தில் முன்னும் இருந்தது, பின்னும் இருந்தது. முன்பு இல்லாதிருந்தவை விளக்கும் காவலுமே.

ஒரு தோட்டத்துக் கதை ஆராய்ச்சியாகாது என்பதை அறிவோம். ஆனால் அக்கதை நம்மைப் புத்தகங்களிடத்தே விரட்டியது. அங்கே கண்டதையே இனிக் கூறுகிறோம்.

சட்டத்தில் உள்ள பிரம்பு

மலேசியக் குற்றவியல் நடைமுறைச் சட்டம் பிரம்படியை வெகு ஒழுங்காக வகுத்து வைத்திருக்கிறது. வயது வந்தவனுக்கு 24 அடிக்கு மேற்படலாகாது. இளையவனுக்கு 10 அடிக்கு மேற்படலாகாது. பிரம்பின் குறுக்களவு அரை அங்குலத்தை மிஞ்சலாகாது. தவணை முறையில் அடித்தலாகாது. பெண்களுக்கும், மரண தண்டனை பெற்றவர்க்கும், சில பாலியற் குற்றங்கள் நீங்கலாக 50 வயது கடந்த ஆடவர்க்கும் பிரம்படி இல்லை. அடிபடுவோன் உடம்பு அதனைத் தாங்கும் என்று வைத்திய அதிகாரி சான்று சொல்லவேண்டும். சிங்கப்பூர்ச் சட்டமும் பெரும்பாலும் இவ்வழியே செல்லுவது.

நோயைத் தீர்க்கப் படித்த ஒருவரை அழைத்து வந்து, இவன் உடம்பு இன்னும் எத்தனை அடி தாங்கும் என்று பார்க்கச் சொல்லும் விந்தையை என்னென்பது! வைத்தியர் அருகில் நிற்கவேண்டிய தண்டனை எத்தகையது என்பதை அந்த ஒரு விதியே காட்டிக்கொடுத்துவிடுகிறது.

இத்தண்டனை கொடும் பாதகர்களுக்கு மட்டுமே உரியது என்று எண்ணுவோர் ஏமாந்து போகிறார்கள். மலேசியாவின் 1952ஆம் ஆண்டு அபாயகர மருந்துச் சட்டப்படி, 5 கிராம் முதல் 15 கிராமுக்கு உட்பட்ட ஹெராயின் வைத்திருந்தவனுக்கு 2 முதல் 5 ஆண்டு சிறையும், 3 முதல் 9 பிரம்படியும் உண்டு. அதே சட்டத்தில், சிகிச்சை நிலையத்துக்கும் நீதிமன்றத்துக்கும் பலமுறை போய்வந்தும் போதைப் பழக்கத்தை விடமுடியாதவனுக்கு 5 முதல் 7 ஆண்டு சிறையோடு 3 அடி வரை விதிக்க இடமுண்டு. போதைக்கு அடிமையானவன் நோயாளி என்று வைத்திய சாஸ்திரம் கூறுகிறது. நோய் தீராதவனை அடிக்கச் சட்டம் கூறுகிறது. காய்ச்சல் இறங்காதவனை மூன்று அடி அடித்தால் இறங்கிவிடும் என்று எந்த வைத்தியராவது எழுதிக் கொடுப்பாரா?

இன்னொன்று கேளுங்கள். மலேசியக் குடிநுழைவுச் சட்டம் 2002ஆம் ஆண்டு திருத்தப்பட்டு, முறையான பெர்மிட் இன்றி நாட்டினுள் நுழைந்தவனுக்கு 6 அடி வரை விதிக்கப்படலாயிற்று. அவ்வாண்டு முதல் 2008 வரை ஏறத்தாழ 35,000 வெளிநாட்டார் இதன்கீழ் அடிபட்டதாக அரசாங்கமே நாடாளுமன்றத்தில் தெரிவித்தது. முப்பத்தையாயிரம் முதுகு! அதன் பிறகு நாட்டில் பெர்மிட் இல்லாதவரே இல்லாது போயினரா? அங்ஙனம் போயிருந்தால், 2011இல் ஒரு பொதுமன்னிப்புத் திட்டம், 2016இல் ஒரு மறுநியமனத் திட்டம், 2020இல் ஒரு திட்டம், 2023இல் மீண்டும் ஒரு திட்டம் என்று, இருப்பவர்களைப் பதிந்து சட்டத்துக்குள் கொண்டுவர அரசாங்கம் ஓயாது பாடுபட்டது எதற்காக? அப்பாரங்களை நிரப்பி நிரப்பித் தேய்ந்த விரல்கள் நம்முடையவை. பிரம்பால் ஆகாத காரியத்தைப் பேனா செய்யவேண்டியதாயிற்று.

1994இல் சிங்கப்பூரில் ஓர் அமெரிக்க இளைஞனுக்கு, கார்களுக்குச் சேதம் விளைவித்த குற்றத்துக்காக 6 அடி விதிக்கப்பட்டபோது உலகமே பேசிற்று. அமெரிக்க ஜனாதிபதியே வேண்டிக்கொண்டார். 6 அடி 4 ஆயிற்று. அவனுக்காகப் பேசியதை நாம் குறை கூறவில்லை. செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்ட வந்து ஏஜெண்டிடம் ஏமாந்து அடிபட்ட இந்தோனேசியனுக்காகவும் வங்காளதேசத்தானுக்காகவும் எந்த ஜனாதிபதி வேண்டிக்கொண்டார் என்றுதான் கேட்கிறோம்.

யார் கொண்டுவந்த பிரம்பு?

சிலர், இது கீழ்த்திசை நாடுகளின் வழக்கம். மேனாட்டாரின் இரக்கம் நமக்கு வேண்டுவதில்லை என்று வீரம் பேசுவர். இது சரித்திரம் அறியாப் பேச்சு. அடிப்பது எந்நாட்டிலும் பழமையானதே. ஆனால் இன்று சட்டத்திலுள்ள இந்தப் பிரம்பு, ஆங்கில ஆட்சியார் எழுதி வைத்துப் போனது.

மெக்காலே தலைமையில் 1837இல் இந்தியாவுக்கென வரையப்பட்ட தண்டச் சட்ட நகலில் கசையடி இல்லை. அதனை ஒட்டி 1860இல் நிறைவேறிய இந்திய தண்டச் சட்டத்தின் தண்டனைப் பட்டியலிலும் அது இல்லை. நான்காண்டு கழித்து, 1864இல், தனியே ஒரு கசையடிச் சட்டம் செய்து அதனை உட்புகுத்தினார்கள். 1871இல் நீரிணைக் குடியேற்றங்களுக்கு இந்தியச் சட்டத்தைத் தழுவிய தண்டச் சட்டம் செய்தபோது, கசையடியும் கூடவே கப்பலேறி வந்தது. அதே ஆங்கில ஆட்சியார் 1881இல் தம் படையில் வெள்ளைச் சிப்பாயை அடிப்பதை நிறுத்திவிட்டனர் என்பதையும் இங்கு நினைக்கவேண்டும்.

ஜப்பானியரும் இதே பாடத்தையே நடித்துக் காட்டினர். 1882இல் நடைமுறைக்கு வந்த புதிய தண்டச் சட்டத்தால் தம் நாட்டில் கசையடியை ஒழித்தவர்கள், கொரியாவைப் பிடித்தபின் 1912இல் கொரியர்களுக்கு மட்டும் கசையடிச் சட்டம் ஒன்றைச் செய்து, 1920 வரை வைத்திருந்தனர். தன் பிரஜைக்கு ஆகாத அடி, தனக்கு அடிமைப்பட்டவனுக்கு ஆகும் என்பதே ஆள்வோர் கண்ட நீதி.

இதனை நமக்கு எவரும் விளக்க வேண்டுவதில்லை. சஞ்சிக்கூலி முறை 1910இல் முடியும்வரை, வேலையை விட்டு ஓடுவது நம்மவருக்குக் குற்றமாக இருந்தது, பிடிபட்டால் சிறை. பிரம்பு பிடித்த கங்காணியின் நிழலில் நம் பாட்டன்மார் பால் வெட்டினார்கள். அந்தப் பேரப்பிள்ளைகளான நாமே இன்று, “ரோத்தான் போடு” என்று மனு எழுதுகிறோம். அடிமைத்தனம் போயிற்று, அதன் கைத்தடியை மட்டும் மறவாமல் எடுத்து வைத்துக்கொண்டோம்.

மற்றையோர் அதனை எறிந்துவிட்டனர். இங்கிலாந்து நீதிமன்றங்களிலிருந்து 1948இல் அது போயிற்று. இந்தியா 1955இல் கசையடிச் சட்டத்தை ஒழித்தது. ஹாங்காங் 1990இல் ஒழித்தது. இலங்கை 2005இல் ஒழித்தது. இவர்கள் அனைவருக்கும் அந்தப் பிரம்பு ஒரே கடையிலிருந்துதான் வந்தது.

ஆராய்ந்தவர்கள் கண்டது

இங்கிலாந்தார் அதனை இரக்கத்தால் மட்டும் விட்டுவிடவில்லை. 1937இல் எட்வர்ட் கடோகன் என்பாரின் தலைமையில் ஒரு குழுவை நியமித்து ஆராய்ந்தனர். 1938இல் அக்குழு அறிக்கை வெளியிட்டது. வழிப்பறிக் குற்றத்துக்காகக் கசையடி பெற்றவர்களையும், அதே குற்றத்துக்காகச் சிறை மட்டும் பெற்றவர்களையும் எடுத்து, விடுதலைக்குப் பின் அவர்கள் நடந்துகொண்ட விதத்தை ஒப்பிட்டனர். அடிபட்டவர்கள் மேலாக இல்லை. அடிபடாதவர்களே சிறிது மேலாக இருந்தனர்.

அக்குழு இன்னொரு கட்டுக்கதையையும் உடைத்தது. 1862இல் லண்டன் தெருக்களில், பின்னால் வந்து கழுத்தை நெரித்துப் பணம் பறிக்கும் கொடுமை பரவியது. 1863இல் அதற்கெனக் கசையடிச் சட்டம் செய்தனர். பறிப்பு ஓய்ந்தது. “பார், கசை ஓட்டிவிட்டது!” என்று மூன்று தலைமுறை பெருமை பேசிற்று. ஏடுகளைப் புரட்டிப் பார்த்த குழுவோ, சட்டம் வருமுன்பே அக்கொடுமை ஓய்ந்துவிட்டது என்று கண்டது. மழை நின்ற பிறகு குடை விரித்து, குடைதான் மழையை நிறுத்திற்று என்று சொன்ன கதை இது. குழுவினர் ஒருமனதாகக் கசையடியை ஒழிக்கச் சொன்னார்கள். யுத்தம் குறுக்கிட்டதால் பத்தாண்டு தாமதித்து 1948இல் ஒழிந்தது. பின்னர் வாலிபர் குற்றம் பெருகியதென்று ஜனங்கள் கூச்சலிட்டபோது, நீதிபதி பாரியின் தலைமையில் மறுபடியும் ஆராய்ந்தனர். 1960இல் அவர்களும், மீண்டும் கொண்டுவர வேண்டா என்றே முடிவு செய்தனர்.

ஆராய்ச்சி அத்துடன் நிற்கவில்லை. 1764இலேயே இத்தாலிய அறிஞர் பெக்காரியா, தண்டனையின் கொடுமை அன்று, அது தவறாது வரும் என்ற நிச்சயமே குற்றத்தைத் தடுக்கிறது என்று வாதித்தார். இன்றைய ஆராய்ச்சியாளர் அதனை எண்களால் சோதித்திருக்கின்றனர். அமெரிக்கப் பேராசிரியர் டேனியல் நேகின் 2013இல் இத்துறை ஆராய்ச்சிகளைத் திரட்டி மதிப்பிட்டு, பிடிபடுவோம் என்ற அச்சமே தடுக்கிறது. தண்டனையை மேன்மேலும் கடுமையாக்குவதால் விளையும் பயன் அற்பம் என்று காட்டினார். நம் தோட்டச் சாலையின் விளக்கு சொன்னதும் அதுவே.

நமக்கு அண்மையில் ஒரு சான்று உண்டு. ஸிம்ரிங், ஃபேகன், ஜான்சன் என்ற மூவர் 2010இல் சிங்கப்பூரையும் ஹாங்காங்கையும் ஒப்பிட்டு ஆராய்ந்தனர். இரண்டும் துறைமுகப் பட்டணங்கள்; இரண்டும் முன்பு ஆங்கிலேயர் ஆண்டவை; இரண்டும் செல்வமுடையவை. ஹாங்காங்கில் 1966க்குப் பின் எவரும் தூக்கிலிடப்படவில்லை. 1993இல் மரண தண்டனையே சட்டத்திலிருந்து நீங்கிற்று. சிங்கப்பூரிலோ 1990களின் நடுவில் தூக்கு மிகப் பெருகியது. பின்னர் வெகுவாகக் குறைந்தது. ஆயினும் 1973 முதல் 35 ஆண்டுக் காலத்தில் இரு நகரங்களிலும் கொலைக் குற்றத்தின் அளவும் போக்கும் ஏறத்தாழ ஒன்றுபோலவே இருந்தன. தூக்குக் கயிறே வேற்றுமை காட்டாதபோது, பிரம்பு காட்டும் என்று எந்த ஆதாரத்தால் நம்புவது?

ஆட்சேபமும் விடையும்

“சிங்கப்பூர் பத்திரமாக இருப்பது ரோத்தானால்தானே?” என்பார் சிலர். சிங்கப்பூர் பத்திரமான ஊர் என்பதை மறுக்கவில்லை. பிரம்பை விட்டுவிட்ட ஹாங்காங்கும் ஜப்பானும் பத்திரமான ஊர்களே என்பதையும் அவர்கள் மறுக்க முடியாது. மேலும், சிங்கப்பூரின் சொந்தக் கணக்கையே பாருங்கள். 1998இல் விடுதலையானவர்களில் நூற்றுக்கு 44 பேர் இரண்டாண்டுக்குள் மீண்டும் சிறைக்கு வந்தனர். அண்மை ஆண்டுகளில் அத்தொகை நூற்றுக்கு 25க்கும் கீழே இறங்கிவிட்டது. பிரம்பு அன்றும் இருந்தது, இன்றும் இருக்கிறது. இடையில் புதிதாக வந்தவை யாவை? 2000இல் சிறையும் தொண்டு நிறுவனங்களும் கூடி அமைத்த பின்பராமரிப்புக் கூட்டமைப்பு, 2004இல் தொடங்கிய மஞ்சள் நாடா இயக்கம், வேலைப் பயிற்சி, வேலை தர முன்வந்த முதலாளிமார். இவைதாம் முழுக் காரணம் என்று அறுதியிட்டுச் சொல்லமாட்டோம். ஆனால் மாறாமல் இருந்த பிரம்பு, மாறிய தொகைக்குக் காரணமென்று உரிமை கொண்டாட முடியாது என்று மட்டும் உறுதியாகச் சொல்லுவோம்.

நார்வே நாட்டுச் சிறைகளைப் பற்றி 2020இல் வெளியான ஓர் ஆராய்ச்சியும் இதற்கு ஒத்திருக்கிறது. சிறைக்கு முன் வேலையின்றி இருந்தவர்கள், உள்ளே தொழிற்பயிற்சி பெற்று வெளிவந்தபின் வேலைக்குப் போவது கூடிற்று; குற்றம் செய்வது குறைந்தது. நம் மேஜைக்கு முன் நின்ற பையனுக்கு வேண்டியிருந்தது என்ன என்பது இப்போது விளங்குகிறதா?

இது மேனாட்டுப் புதுமையுமன்று. 1825 முதல் 1873 வரை இந்தியாவிலிருந்து நாடுகடத்தப்பட்ட கைதிகள் சிங்கப்பூரில் இருந்தனர். செங்கல் சுட்டனர், மரவேலை கற்றனர், சாலை போட்டனர், செயின்ட் அண்ட்ரூஸ் தேவாலயத்தைக் கட்டினர். கைதிகளுள் நன்னடத்தை உடையோரே மற்றக் கைதிகளுக்குக் காவலராயினர். அதனை மேற்பார்த்த மெக்நேர் என்பவர் 1899இல் அது பற்றி ஒரு நூலே எழுதினார். அங்கும் கசை இல்லாமலில்லை. ஆனால் இன்று நிலைத்து நிற்பது அவர்கள் கை செய்த வேலை; அவர்கள் முதுகிற் பட்ட அடி அன்று.

“பறிகொடுத்தவளின் வயிற்றெரிச்சலுக்கு என்ன பதில்?” என்பது அடுத்த கேள்வி. நியாயமான கேள்வி. இதற்குப் பிரம்பு தரும் பதில் யாது? ஓர் அறைக்குள், அவர் காணாத இடத்தில், ஒருவன் தோல் கிழிகிறது. அவருக்கு ஒரு காசும் வருவதில்லை. நட்ட ஈடு கேட்க மலேசியக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 426ஆம் பிரிவில் இடமிருக்கிறது. அரசாங்க வழக்கறிஞர் விண்ணப்பித்தால் நீதிமன்றம் உத்தரவிடலாம். ரோத்தான் வேண்டும் என்று மனு எழுதிய நாம், அந்த நட்ட ஈட்டைக் கேட்டு ஒரு வரி எழுதவில்லை. அப்படி ஒரு பிரிவு உண்டென்பதே அன்று நமக்குத் தெரியாது. பாதிக்கப்பட்டவரின் பெயரால் கூச்சலிட்டோம், அவரை மறந்தோம்.

“நீதிமன்றமே ஏற்றுக்கொண்டதன்றோ?” என்பார் சட்டம் படித்தோர். ஆம், சிங்கப்பூர் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2015இல் பிரம்படி அரசியல் சாசனத்துக்கு முரணன்று என்று தீர்ப்பளித்தது. சட்டத்துக்கு முரணன்று என்பது வேறு. பயனுண்டு என்பது வேறு. நீதிபதிகள் விடை கூறியது முதற் கேள்விக்கு. நாம் கேட்பது இரண்டாவது.

சீர்திருத்தத்தின் வாலில் பிரம்பு

எல்லாவற்றினும் வருந்தத்தக்கது ஒன்று உண்டு. 2023இல் மலேசியா கட்டாய மரண தண்டனையை ஒழித்தது. மனமாரப் பாராட்டுகிறோம். ஆனால் தூக்குக்கு ஈடாக அச்சட்டம் வகுத்தது யாது? 30 முதல் 40 ஆண்டு வரை சிறை. அதனோடு 12க்குக் குறையாத பிரம்படி. நாற்பதாண்டு அடைத்து வைக்கப்போகிறவனைப் பன்னிரண்டு அடி அடிப்பதால் எவரைத் தடுக்கிறோம்? எவரைத் திருத்துகிறோம்? 2025 நவம்பரில் சிங்கப்பூர் நாடாளுமன்றம், மோசடிக்காரர்களுக்குக் குறைந்தது 6 அடி என்று புதிதாகச் சட்டம் செய்தது. கிழவர்களின் வாழ்நாட் சேமிப்பை ஒரு தொலைபேசிப் பேச்சில் விழுங்கும் கயவர்மீது நமக்கும் இரக்கமில்லை. ஆனால் அக்கூட்டத்தின் தலைவன் கடல் கடந்த ஊரில் இருக்கிறான். அவனை எட்டாத பிரம்பு, இங்கே அகப்பட்ட சில்லறை ஆளை எட்டும். பிடிக்க முடியாதவனுக்காகப் பிடிபட்டவனை அடிப்பது நீதியாகுமோ?

சீர்திருத்தம் செய்யும் கையே பின்னால் பிரம்பை மறைத்து வைத்திருக்குமானால், அதனை அரைச் சீர்திருத்தம் என்போம். ஜனங்கள் கோபித்துக்கொள்வார்களே என்ற அச்சமே அந்தப் பிரம்பைப் பிடித்து நிற்கிறது. அந்த ஜனங்கள் யார்? மனு எழுதிய நாம்தாம்.

செய்யவேண்டியவை

ஆகவே கோரிக்கையை அரசாங்கத்திடம் வைக்குமுன் நம்மிடமே வைக்கவேண்டும்.

முதலாவது, பிரம்படியைச் சட்டத்திலிருந்து அகற்றவேண்டும். ஒரே நாளில் ஆகாதெனில், போதை நோயாளிக்கும், பெர்மிட் இல்லாத தொழிலாளிக்கும் விதிக்கும் அடியை முதலில் அகற்றுக. எவரையும் துன்புறுத்தாத குற்றத்துக்கு உடம்பைத் துன்புறுத்தும் தண்டனை எதற்கு?

இரண்டாவது, கட்டாய அடியை நீக்கி நீதிபதியின் கையை அவிழ்க்கவேண்டும். எதிரில் நிற்பவனின் வயதையும் நிலைமையையும் பார்த்துத் தீர்ப்பளிக்கவே நீதிபதி இருக்கிறார். எண்ணிக்கையைச் சட்டமே எழுதிக் கொடுத்துவிட்டால் நீதிபதி எதற்கு? கிராணி போதுமே!

மூன்றாவது, விளக்கும் காவலும். தோட்டச் சாலைகளிலும் பட்டணத்து அடுக்குமாடிகளிலும் காவல் சுற்றுக்கு ஆள் போதவேண்டும். புகார் கொடுத்தால் விசாரணை நடக்கவேண்டும். விசாரணை தொடங்கினால் வழக்கு முடியவேண்டும். தவறாது வரும் சிறு தண்டனை, வந்தால் வரும் பெருந் தண்டனையைவிட வலிது.

நான்காவது, கைதான நாள் முதல் துணை. கைதானவன் தனக்கு விருப்பமான வழக்கறிஞரைக் கலந்துகொள்ளவும், 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் கொண்டு செல்லப்படவும் மலேசிய அரசியல் சாசனத்தின் 5ஆம் பிரிவு உரிமை தருகிறது. 2012 முதல் தேசிய சட்ட உதவி அறவாரியம் இலவச உதவியும் செய்து வருகிறது. நம் பையன்கள் கைதாகும்போது தாய்மார் முதலில் ஓடுவது பூசாரியிடமோ கட்சித் தலைவரிடமோ ஆகும். வழக்கறிஞரிடம் ஓடவேண்டும் என்பதை ஒவ்வொரு லயத்திலும் சொல்லி வைப்பது படித்தவர் கடமை.

ஐந்தாவது, வெளிவந்தவனுக்கு வேலை. இஃது அரசாங்கத்தின் காரியம் மட்டுமன்று. கடை வைத்திருக்கும் தமிழர், லோரி வைத்திருக்கும் தமிழர், ஒப்பந்தம் எடுக்கும் தமிழர் நம்மில் இல்லையா? கோயில் திருவிழாவுக்கு ஆயிரக்கணக்கில் நன்கொடை எழுதும் கை, சிறையிலிருந்து வந்தவனுக்கு ஒரு மாத வேலை எழுதக் கூசுவதேன்? “முன் தண்டனை உண்டா?” என்ற கேள்விக்கு “ஆம்” என்று உண்மை எழுதியவனை நாம் ஒதுக்கினால், பொய் எழுதக் கற்றுக்கொடுப்பவர் நாமே.

முடிவுரை

அடித்தால் மாடு பணியும் என்றார்கள். மாடு பணிந்தது அடிக்கு அன்று. நுகத்தில் கட்டியிருந்ததால் பணிந்தது. அவிழ்த்துவிட்டால் அடித்தவன் வீட்டு வாசலுக்கு அது திரும்பி வருவதில்லை. மனிதனையோ நாம் அவிழ்த்துத்தான் விடவேண்டும். இன்றில்லையேல் ஐந்தாண்டு கழித்தேனும் அவன் வெளியே வருவான். நம் லயத்துக்கே வருவான். நம் பிள்ளைகள் விளையாடும் திடலுக்கே வருவான். வருகிறவன் தொழில் கற்று வரவேண்டுமா, தழும்போடு வரவேண்டுமா என்பதே கேள்வி.

அந்தப் பையன் இன்னும் உள்ளே இருக்கிறான். அவன் தாய் களைக்கு மருந்தடித்துக்கொண்டுதான் இருக்கிறார். நாளும் அவர் பெயரைச் செக்ரோலில் எழுதுகிறோம். சென்ற மாதம், “என் மகன் வந்தால் தோட்டத்தில் ஏதாவது வேலை கிடைக்குமா, ஐயா?” என்று கேட்டார். முன்பு ரோத்தான் கேட்டு மனு எழுதிய அதே மேஜையில் அமர்ந்து, அவனுக்கு வேலை கேட்டு நிர்வாகத்துக்கு ஒரு மனு எழுதியிருக்கிறோம். இதனையும் அழுத்தமாகவே எழுதியிருக்கிறோம்.